கோட்டை கொடுத்து வாங்கிய சோறு

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையில் முதலில் தியாகதுருகம் வரும். ஊரை ஒட்டி நிற்கும் பாறைக் குன்றின்மேல் பழைய கோட்டை. அதைத் தாண்டினால் எலவனாசூர்கோட்டை. பேருந்தில் போகிறவர்களுக்கு இரண்டும் நிறுத்தங்கள், அவ்வளவுதான். ஆனால் 1760ஆம் ஆண்டில் இந்த இரண்டு கோட்டைகளையும் பிரெஞ்சுக்காரர்கள் மைசூரின் ஹைதர் அலிக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது குதிரைப்படையும், புதுச்சேரிக்குள் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய காளைகளும் தானியமும். பட்டினியை எதிர்நோக்கி நின்ற ஒரு நகரத்துக்குச் சோறு வாங்க நம் மாவட்டத்துக் கோட்டைகள் விலையாகப் போயின.

தியாகதுருகத்துக்கு அத்தனை மதிப்பு ஏன்? கல்வராயன் மலைக்குத் தெற்கே ஆத்தூர்க் கணவாய். வடக்கே செங்கம் கணவாய். மேட்டு நாட்டிலிருந்து படையோ பொதிமாடோ கடற்கரைச் சமவெளிக்கு இறங்க இந்தப் பக்கத்தில் இருந்த முக்கிய வழிகள் இவை. இரண்டு வழிகளையும் கண்காணிக்க வாகான இடத்தில் இருந்தது தியாகதுருகம். அதைக் கையில் வைத்திருப்பவரைக் கேட்காமல் உள்நாட்டுத் தானியம் கிழக்கே போவது கடினம். கல்வராயன் அடிவாரத்தை யார் ஆள்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கடலோரத்தில் அடுப்பு எரிந்த காலம் அது.

1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்ற பிறகு பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் மிஞ்சிய இடங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. ஹைதரின் உறவினரான மக்தூம் அலி தலைமையில் வந்த மைசூர்ப் படை ஜூலையில் திருவதிகைப் பக்கம் ஆங்கிலேயரைத் தோற்கடித்து, புதுச்சேரிக்குள் உணவுப் பொருள்களையும் கொண்டு சேர்த்தது. ஆனால் அது போதவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கு எதிராகக் கலகம் மூண்டதும் மைசூர்ப் படை திரும்பிப் போய்விட்டது. நிலத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், கடலில் ஆங்கிலக் கப்பல்கள் என்று நகரத்தைச் சுற்றி முடிச்சு இறுகியது.

நவம்பர் கடைசியில், கையிருப்புத் தானியத்தைப் படைவீரர்களுக்கு மிச்சம் பிடிக்க, நகரத்தில் இருந்த தமிழ் மக்கள் சுமார் 1,400 பேரை லாலி வெளியேற்றினார். எதிரே ஆங்கிலேயர் வழிவிடவில்லை. பின்னால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு வாரத்துக்கும் மேல் இரண்டு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில் கிடந்து, புல் வேரைத் தோண்டித் தின்று உயிர் பிடித்திருந்தார்கள். அதன் பிறகுதான் கூட் அவர்களைப் போக அனுமதித்தார். உள்ளே இருந்தவர்கள் கடைசியில் குதிரையையும் ஒட்டகத்தையும் யானையையும்கூட உண்ண வேண்டியதாயிற்று. 1761 ஜனவரி நடுவில் புதுச்சேரி சரணடைந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில், மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த தியாகதுருகமும் விழுந்தது. கோட்டைக்கும் சோற்றுக்கும் இருந்த முடிச்சு இரண்டையும் ஒரே பருவத்தில் சேர்த்து இழுத்துப் போட்டது.

வென்றவர்கள் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபோது, பழைய நேர்கோட்டுத் தெருக்களின்மேலேயே மறுபடி கட்டினார்கள். அந்தத் தெருக்களின் நடுவில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியில் இருப்பதுதான் இன்றைய பெரிய மார்க்கெட். பிரெஞ்சில் கிராண்ட் பஜார், அரசுப் பெயர் குபேர் அங்காடி. 1954இல் இந்தியாவோடு இணையும் பக்கம் வந்து, 1963இல் புதுச்சேரியின் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது.

நேரு வீதி, பாரதி வீதி, ரங்கப்பிள்ளை வீதி, மகாத்மா காந்தி வீதி என நான்கு வீதிகளுக்குள் அடங்கிய இந்த அங்காடிக்குப் போகிறவர்கள் விடியலில் போவது நல்லது. பூக்கடைப் பக்கம் நுழைந்தால் மல்லியும் கனகாம்பரமும் சாமந்தியும் முழம் போடப்பட்டுக்கொண்டிருக்கும். காய்கறிச் சந்துகளில் கூறு கட்டிய கத்தரிக்காயும் சுண்டைக்காயும், வாழை மண்டிப் பக்கம் தார்கள், மளிகைக் கடைகளில் மிளகாயும் தனியாவும் பெருங்காயமும் கலந்த நெடி. மீன் பகுதியில் வஞ்சிரம், சங்கரா, கொடுவா, நெத்திலி, இறால் என்று பரப்பி வைத்து மீனவப் பெண்கள் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்வது எளிதல்ல. நடுவே பெரிய மணிக்கூண்டு. தரையில் உட்கார்ந்து விற்பவரிடம் அன்றாடம் அடிக்காசு வசூலிக்கும் முறை, நிலையான கடைக்கு வாடகை, கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம் என்ற ஏற்பாடு எல்லாம் இந்தக் கூரையின்கீழ் நடக்கின்றன.

நம் பக்கத்துச் சந்தைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். கல்வராயன் மலையாளிப் பழங்குடியினரின் கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் மலையடிவாரச் சந்தைகளுக்கு இறங்கி வருகின்றன. அந்தச் சந்தைகள் வெட்டவெளியில் வாரம் ஒருநாள் கூடி, இருட்டுவதற்குள் கலைந்துவிடும். கூரை போட்டு, வடிகால் வெட்டி, மீனுக்கும் கறிக்கும் காய்க்கும் தனித்தனி இடம் பிரித்து, தினமும் திறந்து வைக்கிற அங்காடி என்பது வேறு வகை ஏற்பாடு. மக்களின் அன்றாடச் சாப்பாட்டுக்கு நாங்களும் பொறுப்பு என்று ஒரு நகர நிர்வாகம் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. 1,400 பேரைப் பசியோடு வெளியே தள்ளிய நகரத்தில் அப்படி ஒரு கட்டடம் எழுந்ததை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

மார்க்கெட்டிலிருந்து சில நிமிட நடையில், ரங்கப்பிள்ளை வீதியில், 1738இல் கட்டிய ஆனந்தரங்கப்பிள்ளை வீடு நிற்கிறது. பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். முற்றுகையின் இறுதி நாட்களில், 1761 ஜனவரியிலேயே இறந்தவர். நாட்குறிப்பு எழுதிய வணிகரின் வீட்டை நாம் நினைவுச் சின்னம் என்கிறோம். தியாகதுருகம் குன்றின் இடிந்த மதிலையும் அப்படியே சொல்கிறோம். இந்த இரண்டையும் இணைக்கிற மூன்றாவது இடமான அங்காடியை மட்டும் பழைய, நெரிசலான, அழுக்கான கட்டடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் குபேர் அங்காடியைப் புதிதாகக் கட்டும் யோசனை வந்தபோது, வியாபாரிகள் மொத்தமாகக் காலி செய்ய மறுத்தார்கள். பகுதி பகுதியாகச் சீர் செய்யுங்கள் என்றார்கள். போனால் திரும்ப இடம் கிடைக்காது என்ற அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சென்னையில் பாப்ஹாம் பிராட்வே சந்தையின் சுகாதாரக் கேட்டைத் தீர்க்க, மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டிய செங்கல் கட்டடம்தான் மூர் மார்க்கெட். 1900இல் திறக்கப்பட்டது. கறி, மீன், காய், பூ என்று தொடங்கி, பின்னாளில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போனது. 1985 மே மாத இறுதியில் எரிந்து போயிற்று. இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையத்துக்கு முன்னால் அதன் சிறிய மாதிரி ஒன்று நிற்கிறது. அதற்குள் யாரும் ஒரு கத்தரிக்காயைக்கூட வாங்க முடியாது.

புதுச்சேரியே இதற்கு மறுபக்கமும் காட்டியிருக்கிறது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதைப் பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021இல் திறந்தார்கள். ஆகவே, தொழில்நுட்பமும் பணமும் மனமும் இருந்தால் பழைய கட்டடத்தை மீட்க முடியும். ஆனால் அங்காடியை மேரியைப் போல மூடி வைத்து ஆறு ஆண்டுக்கும் மேல் கழித்துத் திறக்க முடியாது. அதற்குள் மீன்காரம்மா வேறு இடம் பார்த்துப் போயிருப்பார். அவரிடம் வாங்கியவர்களும் போயிருப்பார்கள். சுவரைக் காப்பாற்றிவிட்டுச் சந்தையை இழந்தால் மிஞ்சுவது மூர் மார்க்கெட்டின் மாதிரிதான், அளவு மட்டும் பெரியதாக.

அதனால் வியாபாரிகள் சொன்ன வழியே இந்த வகை நினைவுச் சின்னத்துக்குப் பொருந்தும் பாதுகாப்பு முறை என்று நம்புகிறேன். ஒரு பக்கம் வியாபாரம் நடக்க, மறுபக்கம் கூரையும் வடிகாலும் மின்கம்பியும் சீராகட்டும். தீயணைப்பு வண்டி நுழைய வழி இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து விற்கிறவருக்கும் புது வரைபடத்தில் இடம் எழுதப்படட்டும். கூடவே, தியாகதுருகம் குன்றின் அடியில் ஒரு பலகை வேண்டும். இந்தக் கோட்டை 1760இல் எதற்காகக் கைமாறியது என்பதை அது சொல்ல வேண்டும். குன்றில் ஏறும் நம் பள்ளிப் பிள்ளைகள் பீரங்கியைப் பற்றிக் கேட்பது போலவே அரிசியைப் பற்றியும் கேட்கட்டும். அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகிற கள்ளக்குறிச்சிக்காரர்கள் கடற்கரைக்குப் போகுமுன் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், ஒரு கூறு காயாவது வாங்குங்கள். வாங்க ஆள் இருக்கிறவரை அங்காடியை இடிப்பது யாருக்கும் எளிதாக இருக்காது.