பட்டாணி கற்றுத் தந்த பாடம்

எங்கள் மதரஸாவின் சமையற்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பட்டாணிக் குருமா வைப்பது நெடுநாளைய வழக்கம். ஜும்ஆ தொழுகை முடிந்து வரும் பிள்ளைகளுக்குத் தேங்காய்ச் சோறும் அந்தக் குருமாவும் பரிமாறப்படும். கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்து பச்சைப் பட்டாணி சந்தைக்கு வந்து இறங்கும் நாட்களில் விலை சற்றுத் தணியும். அப்போது மூட்டையாக வாங்கி வந்து தாழ்வாரத்தில் கொட்டிவிடுவோம். உரிக்கும் பொறுப்பு சிறிய மாணவர்களுடையது. உரித்ததில் பாதி பாத்திரத்துக்கும் பாதி வாய்க்கும் போகும். நாங்களும் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவோம்.

இந்தப் பட்டாணியைப் பற்றித்தான் இம்மாதம் வாசக சகோதர சகோதரிகளுடன் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு முன் என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

கொரோனாவின் கொடுமை தணிந்திருந்த 2022ஆம் ஆண்டு அது. எங்கு நோக்கினும் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்பதே பேச்சாக இருந்தது. பட்டாணி உண்டால் அந்தச் சக்தி பெருகும் என்று ஒரு நாளிதழில் துணுக்கு வந்திருந்தது. நான் பட்டம் பெற்றது வரலாற்றில்; விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். ஆயினும் அத்துணுக்கைக் கத்தரித்து உணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டினேன். வாரத்துக்கு ஒருமுறை என்றிருந்த பட்டாணியை மூன்று முறையாக்கினேன். மாலை வேளையில் சுண்டலும் சேர்ந்தது. பிள்ளைகளின் உடல்நலத்துக்குப் பெரிய காரியம் செய்துவிட்டதாக உள்ளத்தில் ஒரு பெருமை.

அந்நாளில் 14 வயது மாணவன் ஒருவனுக்கு இருமல் கண்டது. தந்தையை இழந்தவன். அவனுடைய தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். வாரங்கள் சென்றன, இருமல் நிற்கவில்லை. மாலையானால் உடம்பு இலேசாகச் சுட்டது. சட்டை தொளதொளத்தது. "பிள்ளை பலவீனமாக இருக்கிறான், இன்னும் ஓர் அகப்பை கூடுதலாகப் போடுங்கள்" என்று சமையற்கார பாயிடம் சொன்னேன். தாயார் தொலைபேசியில் கவலையோடு விசாரித்தபோதும், "சத்தான ஆகாரம் கொடுத்து வருகிறோம் அம்மா, சரியாகிவிடும்" என்றே பதில் சொன்னேன்.

ஒருநாள் அதிகாலையில் அந்தச் சமையற்கார பாய் என் அறைக்கதவைத் தட்டினார். முகம் கழுவும் இடத்தில் அவன் துப்பியதில் இரத்தத்தைக் கண்டிருக்கிறார். "ஹஜ்ரத், இது சோற்றால் தீருகிற இருமல் இல்லை" என்றார்.

அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. எத்தனை நாளாக இருமல் என்று மருத்துவ அம்மையார் கேட்டார். ஐந்து வாரம் என்றேன். "இரண்டு வாரம் தாண்டினாலே பரிசோதிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறோமே, நீங்கள் படித்தவர்தானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உடன் தங்கியிருந்த பிள்ளைகள் அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர். அவனுக்கு அருகில் பாய் விரித்துப் படுத்து வந்த 10 வயதுச் சிறுவனுக்கும் நோய் பற்றியிருந்தது. ஊரிலிருந்து விரைந்து வந்த தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உங்களை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனேன் ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சொல் இன்றளவும் என் செவியை விட்டு அகலவில்லை.

மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போது, "அப்படியானால் பட்டாணியால் ஒரு பயனும் இல்லையா?" என்று தயங்கியவாறு கேட்டேன். அம்மையார் சிரித்தார். "யார் அப்படிச் சொன்னது? மருந்தோடு சேர்த்துத் தாராளமாகக் கொடுங்கள். மருந்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்" என்றார்.

அதன் பிறகுதான் இதனை முறையாகத் தேடிப் படித்தேன். நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போரிட நம் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் புரதத்தால் ஆனவை. இரத்த வெள்ளணுக்கள் பெருகுவதற்கு ஃபோலேட், துத்தநாகம் முதலிய சத்துக்கள் தேவை. 100 கிராம் பச்சைப் பட்டாணியில் ஏறத்தாழ 5 கிராம் புரதமும், அதே அளவுக்குச் சற்றுக் கூடுதலாக நார்ச்சத்தும், 40 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. நார்ச்சத்து நம் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதிலிருந்து உண்டாக்கும் பொருள்கள் குடலின் உட்சுவருக்கு வலிமை தருகின்றன. உடம்பின் எதிர்ப்பணுக்களில் பெரும்பகுதி குடலைச் சார்ந்தே இருப்பதால் இது சிறிய நன்மையன்று.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும் 17 மில்லிகிராம் துத்தநாகமும் தேவை என்பது நம் நாட்டு உணவியல் அறிஞர்களின் பரிந்துரை. 100 கிராம் பச்சைப் பட்டாணியில் கிடைக்கும் துத்தநாகமோ 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். அதாவது, தட்டிலுள்ள பல பொருள்களில் பட்டாணியும் ஒன்று. அதற்கு மேல் இல்லை. தானாக ஒரு நோயைத் தடுக்கும் ஆற்றலோ, வந்த நோயை விரட்டும் ஆற்றலோ அதற்குக் கிடையாது.

துத்தநாகம் குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1958இல் ஈரான் நாட்டின் ஷீராஸ் நகரில் பணியாற்றிய ஆனந்த பிரசாத் என்னும் இந்திய மருத்துவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்வைக்கோ 10 வயதுச் சிறுவன். பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியையே உண்டு வாழ்ந்தவர். இத்தகையோரின் குறைபாடு துத்தநாகக் குறைவே என்பதைப் பிற்காலத்தில் அம்மருத்துவர் நிலைநாட்டினார். அவர்களுள் பலர் தொற்று நோய்களால் இளமையிலேயே இறந்ததையும் அவர் எழுதியுள்ளார். கோதுமையிலுள்ள ஃபைடேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பட்டாணியிலும் அப்பொருள் உண்டு. ஆகவேதான் காய்ந்த பட்டாணியை இரவெல்லாம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். முளைகட்டினால் இன்னும் நல்லது. காய்ந்ததில் அநேகமாக இல்லாமற்போன வைட்டமின் சி-யும் ஓரளவு திரும்ப உண்டாகும்.

உணவுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி நம் நாட்டிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீட்டார் சுமார் 10 ஆயிரம் பேரை 2019 முதல் 2022 வரை கண்காணித்தனர். ஒரு சாரார்க்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும், ஒன்றரைக் கிலோ பருப்பும், வைட்டமின் மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவர்களிடையே நோய் காண்பது மற்றோரைவிட 39 விழுக்காடு குறைந்தது. 2023இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. நல்ல உணவு ஒரு தடுப்புச் சுவர் என்பது இதனால் விளங்குகிறது. சுவர் இருக்கும் வீட்டிலும் திருடன் புகுந்துவிட்டால் கூக்குரல் இட்டுத்தான் ஆக வேண்டும்.

தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்: பட்டாணியை நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். அளவான நீரில் மூடி வேகவைத்து, அந்த நீரையும் குழம்பில் சேர்த்துவிடுங்கள். சோற்றுடன் உண்பது சிறப்பு. அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பட்டாணியில் மிகுதி, பட்டாணியில் குறைந்தது அரிசியில் உண்டு. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்கு உடம்பில் சேரும். உண்ட உடனே தேநீர் குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். பளபளவென்று பசுமையாக இருக்கும் பட்டாணியை அரைமணி நேரம் நீரில் போட்டுப் பாருங்கள். நீர் பச்சையானால் சாயம் ஏற்றியது என்று அறிந்து விலக்குங்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

மாணவர் இருவரும் ஆறு மாத காலம் ஒருநாளும் தவறாமல் மருந்துண்டு, இறையருளால் நலம் பெற்றனர். அப்போது அரசு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வெட்கப்பட்டோ அஞ்சியோ இந்நோயை மறைப்பவர்கள் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

உணவுக்கூடத்துச் சுவரிலிருந்த துணுக்கை நான் கிழித்தெறியவில்லை. அதனருகில் என் கைப்பட எழுதிய இன்னொரு தாளை ஒட்டியிருக்கிறேன். 'இருமல் இரண்டு வாரம் நீடித்தால் உடனே உஸ்தாதிடம் சொல்லவும்' என்பது அதன் வாசகம். வெள்ளிக்கிழமைப் பட்டாணிக் குருமா வழக்கம்போல் தொடர்கிறது. பரிமாறும்போது இப்போதெல்லாம் நான் பந்தியின் நடுவே மெல்ல நடந்து செல்கிறேன். யார் எவ்வளவு உண்கிறார்கள் என்பதோடு யார் இருமுகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொள்கிறேன்.