மறைப்பும் திறப்பும்

இக்கல்லூரியில் மொழிப்பாடமாகத் தமிழ் பயின்ற நான், இன்று ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் மின்னணுக் கருவிகளின் மென்பொருளைச் சோதிக்கும் பணியில் இருக்கிறேன். அப்பணி கற்பித்த பாடமொன்றை மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இயக்க முறைமையின் உயிர்ப்பகுதியைக் கெர்னல் என்பர். பழுது நேரும்போது, நினைவகத்தின் எந்த முகவரியில் அது நேர்ந்தது என்று கெர்னல் குறிப்பெழுதும். அம்முகவரி சோதிப்பவனுக்கு வழிகாட்டி. கள்வனுக்கோ வீட்டின் கதவெண். ஆதலால், 2018 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15 முதல், குறிப்புகளில் பொதுவாக அச்சாகும் முகவரிகள் மாற்றுருவிலேயே வெளிப்படுகின்றன. கருவியை மறுபடி இயக்கும்வரை ஒரு முகவரிக்கு ஒரே மாற்றுருதான். எனவே இரு முகவரிகளும் ஒன்றா என அறியலாம். அவை அண்டை வீடுகளா, தொலைவூர்களா என்று அறிய இயலாது.

ஒருமுறை எங்கள் சோதனைக் கருவியொன்று சில மணி நேரம் இயங்கியபின் உறைந்து போயிற்று. இரண்டு நாள் குறிப்புகளைப் படித்தும் பயனில்லை. இத்தகைய தேவைக்கென்றே 2021இல் வந்த 5.12 பதிப்பில் ‘நோ ஹாஷ் பாயிண்டர்ஸ்’ என்னும் தொடக்கக் கட்டளை சேர்க்கப்பட்டிருந்தது. அதனை இட்டேன், உண்மை முகவரிகள் தெரிந்தன. நிரலின் ஒரு பகுதி, தனக்கு அளித்த எல்லையைத் தாண்டி அண்டை இடத்தில் எழுதியிருந்தது. பிழை அரை மணியில் அகப்பட்டது.

மகிழ்ச்சியில் அக்கட்டளையை நீக்க மறந்தேன். விற்பனைக் கருவிகளில் ஏற்ற வேண்டிய மென்பொருளிலும் அது இடம்பெற்றுவிட்டது. அக்கட்டளை உள்ளவரை, கெர்னல் ஒவ்வொரு தொடக்கத்திலும் கட்டங்கட்டி ஓர் எச்சரிக்கை அச்சிடும். நாங்கள் பார்த்துப் பழகி, படிக்காமல் விட்ட வரிகள் அவை. பணியில் சேர்ந்து ஒரு திங்களே ஆன பயிற்சிப் பெண் அவற்றைப் படித்தார். “பிழை தேடாத வேளையில் இதைக் கண்டால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறதே சார், இதை அனுப்பலாமா?” என்றார். நாணினேன், அனுப்புவதை நிறுத்தினேன், தவறு என்னுடையதே என மேலாளரிடம் உரைத்தேன்.

எல்லாவற்றையும் மறைத்தால் நோய் தெரியாது. எல்லாவற்றையும் திறந்து வைத்தால் வீடு நிலைக்காது. திறக்க வேண்டிய இடத்தில் திறக்கலாம். ஆயின் திறந்திருப்பதை உரக்கச் சொல்ல வேண்டும். பணி முடிந்ததும் அடைக்க வேண்டும். அவ்வெச்சரிக்கையை எழுதியோர் என் போன்றோரின் மறதியை அறிந்தே எழுதியிருக்கின்றனர். அதைப் படித்துக் கேள்வி கேட்கும் துணிவோ, படிப்பவரைப் பொறுத்தது. மாணவர்களே, அத்துணிவோடு பணிக்கு வாருங்கள்.