ஊட்டமும் நீர்மாற்றமும்

உடல்நலம் கூறவந்த வள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். வகுப்பறையில் பல்லாண்டுகள் யான் கற்பித்த அவ்வுண்மையைக் கண்ணாரக் கண்டது, சிங்கப்பூரில் வாழும் என் தமக்கை மகன் பேணிவரும் பவளத் தொட்டியிலேதான்.

கடற்கரையில்லாத தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து சென்ற எனக்கு, 200 லிட்டர் கொண்ட அக்கண்ணாடித் தொட்டி ஒரு சிறு கடலாகவே தோன்றியது. பவள உயிரிகள் நீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத் தம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பரந்த கடலில் அஃது எளிதிற் குறையாது. அவன் தொட்டியிலோ ஒரே வாரத்தில் 400 ஆகிவிடுகிறது.

"வாரந்தோறும் புதுநீர் மாற்றுகிறாயே தம்பி, அது போதாதா?" என வினவினேன்.

"போதாது மாமா. பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், இழந்த 20 மில்லிகிராமில் 2 மட்டுமே திரும்பும். எஞ்சிய 18-ஐ நாம்தாம் ஊட்ட வேண்டும்" என்றான்.

"அங்ஙனமாயின் ஊட்டம் மட்டுமே போதுமே?"

அதுவும் போதாதாம். கால்சியம் குளோரைடும் சமையல் சோடாவும் ஊட்ட ஊட்டப் பவளம் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். சோடியமும் குளோரைடும் நீரிலேயே தங்கிவிடும். மீன்களின் கழிவால் நைட்ரேட்டும் பெருகும். இவற்றைக் குறைப்பதும், நாம் அளந்தறியாத நுண்தாதுக்களைக் கொணர்வதும் நீர்மாற்றமே. ஊட்டத்தையும் ஒரேயடியாகக் கொட்டலாகாது. கொட்டினால் சுண்ணாம்பு நீரிலேயே வெண்மையாகப் படிந்து வீணாகும். ஆதலின் முதலில் சோதனை. பின்னர் நாள்தோறும் சிறுசிறு அளவு. அதுவும் இரு மருந்துகளையும் வெவ்வேறு வேளையில்.

குறைவைத் தீர்ப்பது ஊட்டம். மிகையைத் தீர்ப்பது நீர்மாற்றம். நம் மாவட்டத்தார்க்கு இப்பாடம் புதிதன்று. சிறிதளவு ஃப்ளோரைடு பல்லைக் காக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சிய நீரை நெடுநாள் பருகினால் பல் கறைபடும். மிகவும் மிஞ்சின் எலும்பும் நலியும். அம்மிகைக்கு மாத்திரை தீர்வாகாது. நீரையே மாற்ற வேண்டும். 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்தது அந்நோக்கத்தினாலேயே.

நம் மன்னார் வளைகுடாப் பவளங்களை எடுத்து வளர்த்தல் ஆகாது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. எனினும் 2010-லும் 2016-லும் கடல்நீர் வெப்பமுற்றபோது அவை வெளிறின, பல மடிந்தன. தொட்டிக்கு வேறு நீர் உண்டு. கடலுக்கு மாற்றாக ஊற்ற வேறொரு கடல் இல்லை.

மாணவச் செல்வங்களே! குறை கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். இருப்பது குறைவா, மிகையா என்பதை முதலில் அளந்தறியுங்கள். ஊட்டுவதா, மாற்றுவதா என்பது அதன்பின் தானே விளங்கும்.