கடலைப் பொட்டலம்

எங்கள் ஆலங்குடியில் மாலை மணி அடித்ததும் பள்ளி வாசலில் அவித்த கடலை மணக்கும். கூடையுடன் ஓர் அக்கா அமர்ந்திருப்பார். எங்களிடம் காசு குறைந்தாலும் அவரிடம் அளவு குறையாது. சென்ற ஆண்டு அவருடைய கணவர் இறந்துபோனார். "அந்த வியாதியாம்" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் முதல் நாங்கள் அவரைக் கண்டும் காணாதவர்களாய் நடந்தோம். எங்களை அப்படிச் செய்யச் சொன்னவர் எவருமில்லை. நாங்களாகவே செய்தோம்.

டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் தினம். அன்று நல்லொழுக்க வகுப்பில் சிஸ்டர் எங்களுக்குப் பல செய்திகளைக் கூறினார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு நம் சென்னையில் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, கொசு கடிப்பதாலோ அது பரவாது. 2004 ஏப்ரல் முதல் அரசே இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கி வருகிறது. அதைத் தவறாமல் உட்கொள்வோர் நெடுநாள் நலமாய் வாழலாம்.

மருந்து உடலைக் காக்கும். மனத்தைக் காப்பது யார்? நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா அவர்களுக்கு 1995-இல் திருமணம் நடந்தது. கணவர் வழியாகவே அவருக்குக் கிருமி வந்தது. அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. 1998-இல் தம்மைப் போன்ற பெண்கள் சிலரைச் சேர்த்துச் சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மருத்துவமனைக்குப் போக அஞ்சும் ஒருத்திக்கு மற்றொருத்தி துணை. புகுந்த வீட்டார் துரத்தினால் உரிமை கேட்க நால்வர் துணை. இத்தகையோர் எழுப்பிய குரலுக்குப் பின், 2017-இல் சட்டமும் பிறந்தது. பள்ளியிலோ பணியிடத்திலோ இவர்களை ஒதுக்கக் கூடாது என்கிறது அச்சட்டம்.

எங்களுள் ஒருத்தி மெல்ல எழுந்து, "சிஸ்டர், அப்படியானால் அந்தக் கடலைக்கார அக்காவுக்கும்...?" என்று இழுத்தாள்.

"அதைக் கேட்க உனக்கு உரிமை இல்லையம்மா. கடலை வாங்க மட்டுமே உரிமை உண்டு" என்றார்கள் சிஸ்டர்.

அன்று மாலை ஐந்து பேர் கூடையருகே போய் நின்றோம். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "பரீட்சையா பாப்பா? ஆளையே காணோமே!" என்று அக்கா சிரித்தபடி குவித்து அளந்தார். பொட்டலத்தின் சூடு கையில் இருந்தது. எங்களால் முகம் நிமிர்த்த முடியவில்லை.

அன்புத் தோழியரே! கௌசல்யா அவர்கள் செய்ததைச் செய்ய நமக்கு வயது போதாது. ஆனால் விலகிச் சென்ற காலைத் திருப்பி வைக்க வயது எதற்கு? இப்போது நாங்கள் நாள்தோறும் கடலை வாங்குகிறோம். நீங்களும் வாருங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்