ஸலாம் துஆப் பழக்கம்



தொலைதூரப் பல்கலைக்கழகத்திற்குப் பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர், எம்போன்ற மத்ரஸா ஆசிரியர்களிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. அது பாடத்தைப் பற்றியதன்று, செலவைப் பற்றியதுமன்று. "ஹஜ்ரத், அங்கே யாரோடு சேருவானோ?" என்பதுதான் அது. நியாயமான கவலையே. கஸ்தூரி வைத்திருப்பவரையும் உலைத்துருத்தி ஊதுபவரையும் உவமையாக்கி, நல்ல தோழர், தீய தோழர் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால் அங்கே ஒரு பிள்ளை பழகப்போகும் நூறு பேரில் உற்ற தோழராக அமைபவர் இருவரோ மூவரோதாம். மற்றவர்களைப் பற்றி நாம் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. அந்த மற்றவர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

உருது மொழியில் இத்தகைய உறவுக்கு 'ஸலாம் துஆ' என்று ஓர் அழகிய பெயர் உண்டு. "அவரைத் தெரியுமா?" என்று கேட்டால், "ஸலாம் துஆ அளவில் தெரியும்" என்பார்கள். எதிரே கண்டால் ஒரு ஸலாம், ஒரு நலம் விசாரிப்பு, அத்துடன் சரி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் நான் இளங்கலை பயின்ற 2000 முதல் 2003 வரையிலான ஆண்டுகளில் எனக்கு வாய்த்த பழக்கங்களில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தவையே. அறையில் உடன் தங்குபவரை அங்கே 'பார்ட்னர்' என்பார்கள். அது வேறு உறவு. ஷம்ஷாத் மார்க்கெட்டில் தேநீர் அருந்தினால், உடனிருக்கும் மூத்த மாணவர்தாம் காசு கொடுப்பார். மறுநாள் அவர் பெயர்கூட நமக்கு நினைவிராது. இது ஸலாம் துஆ.

தமிழ்நாட்டு மாணவர்கள் ஒருவரையொருவர் உறுதியாகக் கண்டுகொள்ளும் இடம் ஒன்று இருந்தது. அது பள்ளிவாசலன்று, இரயில் கட்டணச் சலுகைப் படிவத்திற்கான வரிசை! விடுமுறையில் ஊர் செல்லும் மாணவருக்குப் பாதிக் கட்டணம். அதற்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரை வேண்டும். வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு விடுதிகளில் கிடந்தவர்கள் அந்த வரிசையில் நின்று, "எந்த வண்டி?" என்று கேட்டுக்கொள்வோம். அந்த ஒரு கேள்வியில் பயணக் கூட்டம் சேர்ந்துவிடும்.

அலிகரிலிருந்து டில்லி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். டில்லியிலிருந்து சென்னை 2,180 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதல். இரண்டு இரவுகள், இடையே ஒரு முழுப் பகல். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு எழும்பூரிலிருந்து மூன்றாவது இரவும் உண்டு. 72 படுக்கைகள் கொண்ட பெட்டியில், எட்டுப் பேர் கொண்ட ஒரு தடுப்பு அத்தனை நேரமும் நம் வீடு.

தெற்கு நோக்கி ஓடும் வண்டியில் கிப்லா நம் வலக்கைப் பக்கத்துச் சன்னல். வண்டி வளையும்போது திசை சற்று மாறும்; யாரேனும் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொல்வார். கீழக்கரை மாணவர் ஒருவர் ஷாஃபிஈ; ளுஹரையும் அஸரையும் கஸ்ராக ஒன்றுசேர்த்துத் தொழுது முடித்துவிட்டு, அஸருக்காக மறுபடியும் ஒளூச் செய்யப் போகும் ஹனஃபிகளாகிய எங்களின் செருப்புகளுக்கும் பெட்டிகளுக்கும் காவல் இருப்பார். முஸல்லா விரிக்கும்போது எதிரே அமர்ந்திருக்கும் மாற்றுமத முதியவர், கேட்காமலே கால்களை மேலே தூக்கி வைத்துக்கொள்வார். கபாப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் எதிரிலிருப்பவர் சைவரா என்று பார்த்து, மேல் படுக்கைக்கு ஏறிச் சென்று உண்பதையும் நாங்கள் அங்கேதான் கற்றோம். எந்தக் கிதாபிலும் அதற்கு ஒரு பாடம் இல்லை. இருந்தாலும் இவ்வளவு விரைவில் படிந்திருக்காது.

2002 பிப்ரவரி 27இல் கோத்ராவில் இரயில் பெட்டி எரிந்ததையும், தொடர்ந்து குஜராத்தில் நிகழ்ந்த படுகொலைகளையும் நீங்கள் அறிவீர்கள். அவ்வாண்டு மே மாதத்தில், தாடியும் தொப்பியுமாக வடமாநிலங்களைக் கடந்து வரவேண்டிய பிள்ளைகளின் வீடுகளில் என்ன நிலை இருந்திருக்கும்! எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் பேசியபோது, உம்மா தொப்பியைக் கழற்றச் சொல்லவில்லை. "தனியா மட்டும் வராதே வாப்பா" என்றார்கள்.

தேர்வு நாட்கள் முன்பின்னாக அமைந்ததால் எங்கள் கூட்டம் சிதறியிருந்தது. நான் புறப்பட்ட நாளில் வரிசைப் பழக்கமுள்ள ஒரே ஒருவர்தான் வண்டியில் இருந்தார்: நிலவியல் முதுகலை பயின்ற தர்மபுரிப் பக்கத்து இந்து மாணவர். கண்டால், "ஆதாப் பாய்" என்பார்; அவ்வளவே பழக்கம்.

நள்ளிரவில் ஒரு நிலையத்தில் முன்பதிவு இல்லாத ஏழெட்டு இளைஞர்கள் ஏறி, எங்கள் தடுப்பில் நெருக்கி அமர்ந்தார்கள். பேச்சு மெல்ல அவ்வாண்டுச் செய்திகளின் பக்கம் திரும்பியது. ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், என் மேல் படுக்கையில நீங்க படுங்க. கீழ நான் இருக்கேன்" என்று தர்மபுரிக்காரர் தமிழில் சொன்னார். பிறகு தம் பையிலிருந்து துணியில் முடிந்த கற்களை எடுத்து, களப்பயணத்தில் பொறுக்கியவை என்று, தமக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். எத்தனை நேரம் விளக்கினார் என்று அறியேன். கற்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. எந்த நிலையத்திலோ அவர்கள் இறங்கிப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன்; வந்தவர்கள் வெறும் வழிப்போக்கர்களாகவே இருந்திருக்கலாம். ஃபஜ்ருக்கு என்னை எழுப்பியவர் அவரே. இடார்சியில் இரண்டு தேநீர் வாங்கினார். இரவைப் பற்றி இருவரும் பேசவில்லை. பல்லார்ஷா வெயிலில் துண்டை நனைத்துச் சன்னலில் கட்டிக்கொண்டு பகலெல்லாம் உறங்கினோம்.

அருள்மறையின் அந்நிஸா அத்தியாயம் 36ஆம் வசனத்தில், யார் யாருக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற வரிசை வருகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருக்குப் பின், வழிப்போக்கருக்கு முன், 'அஸ்ஸாஹிபி பில் ஜன்ப்', அதாவது பக்கத்திலிருக்கும் தோழர் இடம்பெறுகிறார். மனைவியையே இது குறிக்கும் என்பாரும் உளர். ஸமக்ஷரீ தமது 'கஷ்ஷாஃப்' விரிவுரையில் பயணத் தோழரையும், கல்வியில் உடன் பயில்பவரையும், சபையில் பக்கத்தில் அமர்ந்தவரையும்கூட, தோழமையின் மிகக் குறைந்த அளவு கொண்டே இதில் சேர்க்கிறார். கொள்கையில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் மொழி நுட்பத்தில் ஆலிம்கள் அவரை விடுவதில்லை. நானும் அந்த வசனத்தை மாணவர்களுக்கு நடத்தும்போது அவ்விளக்கத்தைத் தவறாமல் சொல்வேன். ஆயுட்கால நட்புக்குத்தான் கடமை உண்டு, வண்டி நிற்கும்வரை நீளும் பழக்கத்திற்கு ஏதுமில்லை என்று நினைக்கும் பிள்ளைகள் அப்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

சென்னை சென்ட்ரலில் என் தகரப்பெட்டியின் ஒரு காதை வெளிவாசல் வரை அவர் பிடித்து வந்தார். நான் எழும்பூருக்கு, அவருக்கு அங்கேயே வேறு நடைமேடை. முகவரி வாங்கிக்கொள்ளவில்லை. அதை நான் ஒரு குறையாக எண்ணவுமில்லை. டிசம்பரில் ஈத் முடிந்த பின்னர், குளிர்கால விடுமுறைக்கான சலுகைப் படிவ வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "எந்த வண்டி பாய்?" என்றார்.