கட்டி மணிக்கு, பயம் எனக்கு

எங்க வீட்டு லாப்ரடார் மணிக்கு 9 வயசு. தொடையில் ஒரு கட்டி. ஒருநாள் வீங்கும், மறுநாள் வத்தும். ஊசி போட்டு செல் எடுத்துப் பார்த்ததில் மாஸ்ட் செல் ட்யூமர். நாய்களுக்கு அடிக்கடி வரும் தோல் கேன்சர்.

தினமும் நோயாளிகளுக்குத் தைரியம் சொல்ற நானே கால்நடை மருத்துவரிடம் கேட்டது, "எவ்ளோ நாள் இருப்பான் சார்?"

"சுத்தியுள்ள நல்ல சதையோட சேர்த்து எடுப்போம். லோ கிரேடுன்னா பெரும்பாலும் ஆபரேஷனே போதும்" என்றார்.

ஆபரேஷன் முடிஞ்சது. கிரேடு ரிப்போர்ட் இன்னும் வரலை. நான் நாளை எண்ணுறேன். மணி சோத்துத் தட்டைப் பார்க்கிறான். இப்போதைக்கு அவன் வழிதான் எனக்கும்.

உங்க செல்லத்துக்குக் கட்டி இருந்தா அமுக்காதீங்க. ஹிஸ்டமின் வெளியாகி இன்னும் வீங்கலாம். "கொழுப்புக் கட்டிதான்"னு நீங்களே முடிவு பண்ணாம, ஊசி டெஸ்ட் பண்ணிடுங்க.