மறுநாட் காலை

மதுவுண்டவன் மோட்டார் வண்டி செலுத்தலாகாது என்பதை இக்காலத்து மறுப்பார் எவருமிலர். உண்பவனே, உண்ணுமுன், அதனை ஒப்புக்கொள்வான். ஆயின், உண்டபின் எத்துணை நேரங் கழித்து அவன் மீண்டும் வண்டி செலுத்தத் தக்கவனாகின்றான் என்று கேட்டால், கற்றோர் கூடிய அவையிலும் விடை பலவாறாக வருகின்றது. "இரண்டு மணி நேரம்" என்பார் ஒருவர். "ஓர் உறக்கம் போதும்" என்பார் இன்னொருவர். "தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காப்பி குடித்தால் எல்லாம் தெளிந்துவிடும்" என்பார் மூன்றாமவர். இம்மூவரும் சொல்வது பிழையென்பதை எடுத்துக் கூறவே யாம் முற்பட்டோம். மது நன்றா தீதா என்னும் பழைய வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. எம்மினும் தகுதியுடையார் பலர் அதனைப் பேசியுள்ளனர், இனியும் பேசுவர்.

உண்ட மதுவிலுள்ள சாரம் வயிற்றிலும், பெரும்பாலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டுக் குருதியிற் கலக்கின்றது. உணவு உண்டிருப்பின் மெல்லக் கலக்கும். வெறும் வயிறாயின் விரைந்து கலக்கும். கடைசிக் குவளையைக் கீழே வைத்தபின்னரும் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை குருதியில் அதன் அளவு ஏறிக்கொண்டே போதல் கூடும். ஆகவே, "இன்னும் ஏறவில்லை, அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன்" என்று வண்டியிலேறுவோன், பாதி வழியில் தான் புறப்பட்ட நிலையினும் மோசமான நிலையை அடைகின்றான்.

குருதியிற் கலந்த சாரத்தில் ஒரு சிறு பகுதி மூச்சின் வழியும் சிறுநீர் வழியும் வியர்வை வழியும் மாறாது வெளியேறும். எஞ்சிய பெரும்பகுதியைக் கல்லீரல்தான் சிதைத்தாகல் வேண்டும். அக்கல்லீரலின் இயல்பு கவனிக்கற்பாலது. ஒரே சன்னலுள்ள சிறு புகைவண்டி நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாவை நண்பர்கள் கண்டிருப்பீர்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்பினும், நூறு பேர் நிற்பினும், அவர் கை ஒரே வேகத்தில்தான் இயங்கும். பின்னால் நிற்பவர் கூச்சலிடுவதனால் ஒரு சீட்டும் கூடுதலாக வாராது. கல்லீரலும் அத்தகையதே. ஸ்வீடன் நாட்டு லண்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் விட்மார்க் என்பார் இதனை ஆய்ந்து 1932-இல் ஒரு நூலாக வெளியிட்டார். குருதியின் ஒவ்வொரு 100 மில்லி லிட்டரிலும் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் சாரமே குறையும். உடலுக்கு உடல் இது வேறுபடும். பெரும்பாலோர்க்கு 10-க்கும் 20-க்கும் இடைப்பட்டு நிற்கும்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். கடைத்தெருவார் குவார்ட்டர் என்று வழங்கும் புட்டியில் 180 மில்லி லிட்டர் உண்டு. அது பிராந்தியாயினும் விஸ்கியாயினும் நூற்றில் 42.8 பங்கு சாரம். எடையிற் சுமார் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆடவர் இரவு 9 மணிக்குத் தொடங்கி இதனை முழுதும் அருந்தினாரென்று கொள்க. விட்மார்க்கின் கணக்குப்படி 100 மில்லி லிட்டர் குருதிக்குச் சுமார் 150 மில்லி கிராம் வருகின்றது. மணிக்கு 15 வீதம் கழித்தால், தொடங்கிய நேரத்திலிருந்து பத்து மணி நேரஞ் சென்றே, அஃதாவது மறுநாட் காலை 7 மணிக்கே, குருதி தூயதாகும். மெல்ல இயங்குங் கல்லீரல் வாய்த்தவர்க்கோ நண்பகலாகிவிடும். பெண்டிர்க்கு அதே எடையிலும் உடலில் நீரின் பங்கு குறைவாதலின், அதே அளவு மது அவர் குருதியில் இன்னும் மிகுதியாக நிற்கும். "பீர்தானே" என்று இகழ்வாரும் உளர். நூற்றுக்கு 8 பங்கு சாரமுள்ள 650 மில்லி லிட்டர் பீர்ப் புட்டி ஒன்றில் இருப்பது சுமார் 41 கிராம். நான்கு சிறு பெக்குக்கு ஒப்பு.

இக்கணக்கில் உறக்கத்திற்கோ, குளியலுக்கோ, காப்பிக்கோ, மோருக்கோ, எலுமிச்சம் பழச் சாற்றுக்கோ இடமே இல்லை என்பதை வாசகர் கண்டிருப்பர். உறங்கும்போதும் கல்லீரல் அதே வேகத்தில்தான் வேலை செய்கின்றது. காப்பி, உறங்கவேண்டிய மனிதனை எழுப்பி உட்கார வைக்கும்; அவ்வளவே. உறங்கும் குடியனைக் காட்டிலும் விழித்திருக்குங் குடியன் வண்டிச் சாவியை எளிதிற் கண்டெடுப்பான் என்பது எம் கருத்து.

இவற்றையெல்லாம் யாம் ஏட்டிற் படித்துத் தெரிந்துகொண்டது உண்மையே. ஆயினும், அவ்வேட்டறிவு ஒரு முறை எம்மை இக்கட்டில் நிறுத்திற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், எம்முடன் பயின்றார் ஒருவருடைய மகள் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். மண்டபம் 65 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள வேறோர் ஊரில். வீட்டாரிற் பெரும்பாலோர் முந்தின நாளே அங்குச் சென்றுவிட்டனர். மூட்டுநோயால் வருந்திய பாட்டியாரும், அவருடைய பேரக் குழந்தைகள் இருவரும், யாமும், எம் வகுப்புத் தோழர் இன்னொருவரும் வீட்டிலே தங்கினோம். விடியற்காலை 5.30-க்கு எங்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு அத்தோழருடையது. எமக்கு வண்டி செலுத்தத் தெரியாது.

அவ்விரவு மொட்டைமாடியில் அவர் அருந்தியதை யாம் உடனிருந்து பார்த்தோம். 9.30-க்குத் தொடங்கி நள்ளிரவு கடந்தும் நீடித்தது. ஒரு குவார்ட்டரும் அதன்மேல் ஒரு பெரிய பெக்கும் இருக்கும். காலையில் அவர் குளித்து, தலைவாரி, வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல், காப்பியும் அருந்தி, வண்டியருகே வந்து நின்றார். கண் சிவந்திருக்கவில்லை, நா குழறவில்லை. குழந்தைகள் பின்னிருக்கையில் ஏறியாயிற்று. யாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். அவர் எடை 75 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், தொடக்கத்துச் சுமார் 160, எட்டு மணி நேரத்திற் கழிந்தது 120, மிச்சம் 40. சட்டம் பொறுப்பதோ 30.

சாவியை எம்மிடந் தரும்படி கேட்டோம். அவர் முதலில் நகைத்தார். பின்னர், "நாற்பது வருஷப் பழக்கம், என்னையா சந்தேகிக்கிறாய்? வேண்டுமானால் கோடு கிழி, நேராக நடந்து காட்டுகிறேன்" என்றார். நடந்துங் காட்டினார்; நேராகவே நடந்தார். அதற்கு மேல் எம்மிடம் விடை இல்லை; சாவியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. வாடகை வண்டி ஒன்று கிடைக்க மணி ஏழாயிற்று. பாட்டியார் மண்டபத்தை அடைந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியும் தொடங்கிவிட்டது. முதற் பேத்தியின் திருமணம் அது. அன்று முழுதும் அவர் எம்மிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. தோழரோ அதன்பின் எமக்குக் கடிதம் எழுதுவதையும் தொலைபேசியில் அழைப்பதையும் நிறுத்திவிட்டார்.

யாம் செய்தது சரியென்று நிறுவுதற்கு எந்த விபத்தும் நிகழவில்லை. நிகழாதபடி செய்துவிட்டபின் அஃது எங்ஙனம் நிகழும்? அவர் ஓட்டியிருப்பின் ஒருகால் ஊறின்றியே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் கல்லீரல் மணிக்கு 20 வீதம் கழிப்பதாகவும் இருந்திருக்கலாம். இதனைப் பலமுறை எண்ணிப் பார்த்துள்ளோம். ஆயினும், அவர் தம்மைத் தாமே சோதித்துச் சொன்ன சான்றை மட்டும் எம்மால் ஏற்க முடியவில்லை. மது முதன்முதல் தாக்குவது காலையன்று, நாவையன்று. தன்னிலையை அளந்தறியும் மதிநுட்பத்தை. வாதி பிரதிவாதி இருவருள் ஒருவரிடம் முன்னரே கைக்கூலி பெற்றுவிட்ட நீதிபதியின் தீர்ப்பு எத்தகையதோ, உண்டவன் தன்னைப்பற்றிக் கூறும் தீர்ப்பும் அத்தகையதே. நீண்ட நாள் பழக்கமுடையாரிடம் இது மேலும் கடினமாகின்றது. பழக்கம் தள்ளாட்டத்தை மறைக்கும். கண்ணும் கையும் ஒரு நொடி தாமதிப்பதை அத்துணை மறைப்பதில்லை. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியிற் கடக்கும் தூரம் 16 மீட்டருக்கு மேல். குறுக்கே ஓடும் பிள்ளைக்கு அத்தூரம் போதும்.

அக்காலத்து மாட்டுவண்டிக்காரன் சந்தையிற் கள்ளருந்திவிட்டு வண்டியிற் படுத்துறங்கினும், மாடு வழியறிந்து வீட்டு வாயிலிற் கொண்டுவந்து நிறுத்தும். நம் பாட்டன்மார் பலர் அங்ஙனம் வீடு சேர்ந்தவர்களே. இயந்திர வண்டிக்கு அவ்வறிவு இல்லை.

மனிதன் தன்னைத்தான் அளக்க இயலாமையை உணர்ந்தே அரசாங்கங்கள் எண்ணாற் கோடு கிழித்தன. நார்வே நாடு 1936-இல் 100 மில்லி லிட்டர் குருதிக்கு 50 மில்லி கிராம் என வரையறுத்தது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் போலீஸ் துறையைச் சார்ந்த ராபர்ட் பார்க்கன்ஸ்டைன் 1954-இல் மூச்சை ஊதி அளக்குங் கருவியை அமைத்தார். சுமார் 2,100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள சாரம் 1 மில்லி லிட்டர் குருதியில் உள்ளதற்கு ஒப்பாம் என்பதே அதன் அடிப்படை. மூச்சு நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவதாதலின், ஏலமும் கிராம்பும் வெற்றிலையும் மென்று வாயை மணக்கச் செய்வதாற் பயனில்லை. மணம் போலீசாரின் மூக்கை ஏமாற்றலாம், கருவிக்கு மூக்கில்லை. பிரிட்டன் 1967-இல் 80 எனக் கோடிட்டது. ஸ்காட்லாந்து 2014-இல் அதனை 50 ஆகக் குறைத்தது. ஸ்வீடனில் 1990 முதல் 20. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவின்படி, எல்லை 30. அதனை மீறினால், 2019-இல் திருத்தியபடி, முதன்முறை ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. நெடுஞ்சாலைகளின் ஓரம் 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலுமாம். அவ்வாணை மறு ஆண்டே பல இடங்களுக்குத் தளர்த்தப்பட்டது.

ஆயின் 30 என்பது சட்டத்தின் கோடேயன்றி உடலின் கோடன்று. 29-இல் நலமும் 31-இல் கேடும் என்பதில்லை. எம்மைக் கேட்பின், கணக்கிடுவோர் மெல்லிய கல்லீரலையே தமக்குரியதாகக் கொள்க என்போம். 60 கிலோ எடையுள்ள ஆடவர்க்குச் சிறு பெக் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். அதனை முதற் பெக் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுக. ஒன்று மட்டும் நினைவிருத்தல் வேண்டும். இக்கணக்கு "போகாதே" என்று தடுப்பதற்கு உதவும். "போ" என்று விடுப்பதற்கு உதவாது. எடை, உணவு, வயது, நோய், மருந்து இவையெல்லாம் கணக்கைக் குலைக்கும். குருதி தூயதான பின்னும் தலைவலியும் உறக்கக் குறைவும் உடன் ஏறிக்கொண்டு வரும்.

எம் வகுப்பினர் கூடும் விழா இவ்வாண்டு வருகின்றது. மறுநாட் காலை 6 மணிக்கு ஊர் திரும்புவதென முன்னர் அச்சிட்டிருந்த நிகழ்ச்சி நிரலை மாற்றி, பகலுணவுக்குப் பின் 3 மணி என்று வைத்துள்ளோம். இரண்டு வேன்களும் சாரதிகளும் வாடகைக்கு அமர்த்தியாயிற்று. காரணத்தையும் அச்சிடலாமா என்று செயலர் கேட்டார். பகலுணவு மிக நன்றாயிருக்கும் என்று மட்டும் அச்சிடும்படி கூறினோம். அத்தோழருக்கும் அழைப்புச் சென்றது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது: "வருகிறேன். பஸ்ஸில்." பஸ் புறப்படும் நேரங்களைக் கேட்டறிந்து அவருக்கு எழுதியிருக்கின்றோம்.